மழையால் நின்ற பேஸ்பால் ஆட்டத்தின் முடிவைக் கண்டறிவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு மழை என்றவுடன் டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் முறைதான் நினைவுக்கு வரும். மீதமுள்ள ஓவர்களையும் கையிலுள்ள விக்கெட்டுகளையும் கணக்கிட்டு இலக்கைத் திருத்தி அமைப்பது அந்த முறை. பேஸ்பாலில் அத்தகைய கணக்கு எதுவும் இல்லை. இரு அணிகளும் இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் மாறி மாறி மட்டை பிடிப்பதால், ஆட்டம் எந்த இடத்தில் நின்றாலும் ஓர் அணிக்கும் மற்றோர் அணிக்கும் கிடைத்த வாய்ப்புகளின் வேறுபாடு ஓர் இன்னிங்ஸைத் தாண்டுவதில்லை. ஆகவே இந்த விளையாட்டின் மழை விதிகள் இரண்டே கேள்விகளைச் சுற்றி அமைந்துள்ளன: ஆட்டம் என்று ஏற்கத்தக்க அளவு ஆடப்பட்டதா, முன்னிலை பெற்ற அணிக்கு எதிரணி பதில் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததா. இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால், விதிப்புத்தகத்தின் சிக்கலான வாசகங்கள் பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும்.

இங்கே விளக்கப்படுபவை அமெரிக்காவின் தலையாய தொழில்முறைப் பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கின் விதிகள். ஜப்பானும் தென்கொரியாவும் எங்கே வேறுபடுகின்றன என்பது இறுதியில் வருகிறது.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஓர் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ் கொண்டது. ஒவ்வோர் இன்னிங்ஸிலும் வெளியூர் அணி முதல் பாதியிலும், உள்ளூர் அணி இரண்டாம் பாதியிலும் மட்டை பிடிக்கின்றன; மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு பாதி முடியும். உள்ளூர் அணி கடைசியாக ஆடுவதால், அது ஏற்கெனவே முன்னிலையில் இருந்தால் ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதி ஆடப்படுவதே இல்லை.

மழையில் சிக்கும் ஆட்டத்துக்கு நான்கு நிலைகள் உண்டு. தொடங்காமலே வேறு நாளுக்குத் தள்ளப்பட்டால் அது ஒத்திவைக்கப்பட்ட ஆட்டம். பாதியில் நின்று, அப்போதைய ஸ்கோரே இறுதி முடிவாக அறிவிக்கப்பட்டால் முடித்துவைக்கப்பட்ட ஆட்டம். நின்ற இடத்திலிருந்து பின்னொரு நாளில் தொடரப்பட இருந்தால் நிறுத்திவைக்கப்பட்ட ஆட்டம். நடந்தவை அனைத்தும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டால் செல்லாத ஆட்டம். கீழுள்ள படிகளின் நோக்கம், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்டம் இந்நான்கில் எதில் சேரும் என்பதைக் கண்டறிவதே.

முதல் படி: முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு, வானிலையும் மைதானமும் ஆடத்தக்க நிலையில் உள்ளனவா என்று தீர்மானிக்கும் உரிமை உள்ளூர் அணிக்கு மட்டுமே உரியது. இதில் ஒரு சிக்கல் உண்டு. முக்கியமான வீரர்கள் காயத்தில் இருக்கும் வாரத்தில், லேசான தூறலையே காரணமாகக் காட்டி ஆட்டத்தைத் தள்ளிவைக்க உள்ளூர் அணிக்கு ஆசை வரக்கூடும். அதனால்தான், ஆட்டப் பருவத்தின் கடைசி வாரங்களில் இந்த உரிமையை அணிகளிடமிருந்து எடுத்துக்கொள்ள லீக்குக்கு வழி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் நடக்கும்போது, இரண்டாவது ஆட்டத்தைத் தொடங்கலாமா என்பதை முதல் ஆட்டத்தின் தலைமை அம்பயரே முடிவு செய்கிறார்.

ஆட்டம் தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பு இரு அணிகளின் மேலாளர்களும் தங்கள் ஆட்டக்காரர் பட்டியலைத் தலைமை அம்பயரிடம் ஒப்படைப்பார்கள். பட்டியல் கைமாறிய அந்தக் கணத்திலிருந்து மைதானத்தின் முழு அதிகாரமும் அம்பயர்களுக்குச் சென்றுவிடுகிறது. அதன் பிறகு மழைக்காக ஆட்டத்தை நிறுத்துவதும், மீண்டும் தொடங்குவதும், முடித்துவைப்பதும் அவர்கள் கையில்தான்.

இரண்டாம் படி: காத்திருப்பு நேரத்தில் நடப்பவை

அம்பயர் கையசைத்தவுடன் ஆட்டக்காரர்கள் உள்ளே செல்ல, மைதானப் பணியாளர்கள் பெரும் தார்ப்பாயை இழுத்துவந்து உள்களத்தை மூடுவார்கள். புல்வெளி ஓரளவு நீரைத் தாங்கும். பிட்சர் (பந்து வீசுபவர்) நிற்கும் மேடும், மட்டையாளர் நிற்கும் இடமும், ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய பேஸ்கள் என்ற நிலைகளுக்கு இடையிலான மண்ணும் தாங்காது. அவை சேறானால் ஓடுபவரின் கால் சறுக்கும், ஈரமான பந்து பிட்சரின் பிடியிலிருந்து நழுவி மட்டையாளரின் தலையை நோக்கிக்கூடப் போகலாம்.

தலைமை அம்பயர் ஆட்டத்தை நிறுத்திய பிறகு குறைந்தது 30 நிமிடங்கள் கழியாமல் அதை முடித்துவைக்க முடியாது. அதற்கு மேல் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு இல்லை. தொடர்வதற்குச் சிறிதளவு வாய்ப்பு இருப்பதாக அவர் கருதும் வரை காத்திருக்கலாம். எப்போதும் ஆட்டத்தை நிறைவு செய்யவே முயல வேண்டும் என்று விதி அவரை வலியுறுத்துகிறது. 1990 ஆகஸ்ட் 12 அன்று சிகாகோவில் ஒயிட் சாக்ஸ், டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணிகள் ஏழு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்து, பின்னர் ஆட்டத்தையே ஒத்திவைத்தன.

தார்ப்பாய் விரிப்பது உள்ளூர் அணியின் கடமை. அதில் அலட்சியம் காட்டினால் ஆட்டத்தையே இழக்க நேரிடும், ஏனெனில் மைதானத்தைச் சீர்படுத்துமாறு அம்பயர் இட்ட ஆணை நிறைவேற்றப்படாவிட்டால் வெளியூர் அணிக்கே வெற்றி வழங்கப்பட வேண்டும் என்பது விதி. 1941 ஆகஸ்ட் 15 அன்று வாஷிங்டனில் செனட்டர்ஸ் அணி பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸில் 6-3 என்று முன்னிலையில் இருந்தபோது மழை வந்தது. பணியாளர்கள் மைதானத்தை மூடவில்லை. ஆட்டம் தொடர முடியாமல் முடித்துவைக்கப்பட்டது. முன்னிலையில் இருந்த அணிக்கு நனைந்த மைதானம் சாதகமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பாஸ்டன் முறையிட்டது, மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் தலைவர் வில் ஹாரிட்ஜ் வெற்றியைப் பாஸ்டனுக்கே அளித்தார். மழை விதிகளில் நேர்மையைக் காக்கும் மிக முக்கியமான பிரிவாக இதையே நான் கருதுகிறேன்.

தார்ப்பாய் ஆபத்தில்லாத பொருளும் அல்ல. 1985 அக்டோபர் 13 அன்று செயின்ட் லூயிஸில், தானாக உருளும் தார்ப்பாய் இயந்திரம் கார்டினல்ஸ் அணியின் வின்ஸ் கோல்மனின் காலின்மேல் ஏறிவிட்டது. அந்தப் பருவத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பேஸ்களைத் திருடிய (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்த) அவர், மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரில் அந்த ஆண்டு ஆடவே இல்லை. அவருடைய அணி ஏழாவது ஆட்டத்தில் கோப்பையை இழந்தது.

மூன்றாம் படி: ஐந்து இன்னிங்ஸ் எல்லை தாண்டப்பட்டதா?

மழை விடவில்லை, ஆட்டம் தொடராது என்று அம்பயர் முடிவு செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, அது முறைப்படியான ஆட்டம் ஆகிவிட்டதா என்பதை. ஐந்து இன்னிங்ஸ் முழுமையாக முடிந்திருந்தால் ஆகிவிட்டது. உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் நாலரை இன்னிங்ஸே போதும், ஏனெனில் வெளியூர் அணி தன் ஐந்து வாய்ப்புகளையும் ஆடிவிட்டது, உள்ளூர் அணியோ குறைவான வாய்ப்புகளிலேயே அதைவிட அதிக ரன் எடுத்துவிட்டது. ஐந்தாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதியில் உள்ளூர் அணி ரன் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்த நிலையில் ஆட்டம் நின்றாலும் அது முறைப்படியானதே.

எடுத்துக்காட்டாக, நாலரை இன்னிங்ஸ் முடிந்த நிலையில் உள்ளூர் அணி 3-1 என்று முன்னிலை வகித்தால் எல்லை தாண்டப்பட்டுவிட்டது. அதே கட்டத்தில் வெளியூர் அணி 3-1 என்று முன்னிலை வகித்தால் தாண்டப்படவில்லை. உள்ளூர் அணியின் ஐந்தாவது வாய்ப்பு முடிந்தாக வேண்டும்.

நான்காம் படி: எல்லைக்கு முன்பே நின்றிருந்தால்

மிக நீண்ட காலம் இதற்கு ஒரே விடைதான் இருந்தது: செல்லாத ஆட்டம். ரன்கள், ஹோம் ரன்கள் (பந்தை வேலிக்கு அப்பால் அடித்து எல்லாப் பேஸ்களையும் சுற்றிவருவது), ஸ்ட்ரைக் அவுட்கள் (பிட்சர் மட்டையாளரைப் பந்துவீச்சாலேயே அவுட் ஆக்குவது) எல்லாம் நீங்கிவிடும். வேறொரு நாளில் முதல் பந்திலிருந்து மீண்டும் ஆட வேண்டும். இதன் கொடுமையை நன்கு உணர்ந்தவர் நியூயார்க் யாங்கீஸின் ராஜர் மாரிஸ். 1961 ஜூலை 17 அன்று பால்டிமோரில் நடந்த இரண்டு ஆட்டங்களில் இரண்டாவதில் அவரும் அவருடைய சக ஆட்டக்காரர் மிக்கி மாண்டிலும் ஹோம் ரன் அடித்தார்கள். ஐந்தாவது இன்னிங்ஸில் மழை வந்து இரண்டையும் அழித்துவிட்டது. அதே நாளில்தான் மேஜர் லீக்கை நிர்வகிக்கும் ஆணையர் ஃபோர்ட் ஃப்ரிக், பேப் ரூத் 1927இல் அடித்த 60 ஹோம் ரன்களின் சாதனையை 154 ஆட்டங்களுக்குள் முறியடித்தால்தான் அது முழுச் சாதனையாகப் பதியப்படும் என்ற தன் தீர்ப்பை அறிவித்தார். 154 ஆட்டங்கள் முடிந்தபோது மாரிஸிடம் இருந்தவை 59. பருவத்தின் கடைசி நாளில்தான் அவர் 61ஐத் தொட்டார்.

2020இல், பெருந்தொற்றால் சுருங்கிய பருவத்தில் இந்த வழக்கம் மாற்றப்பட்டது. எல்லைக்கு முன்பே நின்ற ஆட்டமும் நிறுத்திவைக்கப்பட்ட ஆட்டமாகவே கொள்ளப்பட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரப்பட்டது. இன்று ஆட்டங்கள் கையாளப்படுவதும் இவ்வாறுதான். இது மிகச் சரியான மாற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆடிய உழைப்பு வீணாகவில்லை என்பது ஒரு புறம். மறு புறம், முன்பு நான்காவது இன்னிங்ஸில் பின்தங்கிய அணி, மழை வலுக்கும் வரை வேண்டுமென்றே நேரத்தைக் கடத்தினால் ஆட்டமே இல்லாமல் போகும் என்று நம்ப முடிந்தது; முன்னிலை பெற்ற அணி அவசர அவசரமாக அவுட் ஆகி எல்லையைத் தாண்டப் பார்த்தது. ஆட்டத்தை வேண்டுமென்றே நீட்டுவதையும் சுருக்குவதையும் தண்டிக்கும் விதி அன்றும் இன்றும் உண்டு. ஆனாலும் அந்த ஆசைக்கு இருந்த காரணத்தையே நீக்கியது இந்த மாற்றம்தான்.

ஐந்தாம் படி: எல்லை தாண்டிய பிறகு நின்றிருந்தால்

பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இது. பொது விதி எளியது: முன்னிலையில் உள்ள அணி வென்றதாக அறிவிக்கப்படும், நின்ற கணத்தின் ஸ்கோரே இறுதி ஸ்கோர். இதற்கு முக்கியமான இரண்டு விலக்குகள் உள்ளன.

முதலாவது, சமநிலை. ஸ்கோர் சமமாக இருக்கும்போது ஆட்டம் நின்றால் அது நிறுத்திவைக்கப்படும். 2007க்கு முன்பு இத்தகைய ஆட்டத்தின் தனிநபர் புள்ளிகள் மட்டும் பதிவேட்டில் நிற்க, ஆட்டம் முதலிலிருந்து மீண்டும் ஆடப்பட்டது.

இரண்டாவது விலக்குத்தான் நுட்பமானது. ஓர் இன்னிங்ஸ் முடியாத நிலையில் மழை நிறுத்துகிறது. அந்த இன்னிங்ஸின் முதல் பாதியில் வெளியூர் அணி ரன் எடுத்து முன்னிலைக்கு வந்திருக்கிறது. உள்ளூர் அணி அந்த முன்னிலையை இன்னும் மீட்கவில்லை. இப்படியென்றால் ஆட்டம் நிறுத்திவைக்கப்படும், ஏனெனில் பதில் சொல்லும் வாய்ப்பு உள்ளூர் அணிக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை.

சில நிலைமைகளை வைத்துப் பார்த்தால் இது தெளியும். ஆறு இன்னிங்ஸ் முடிவில் உள்ளூர் அணி 2-1 என்று முன்னிலை. ஏழாவதின் முதல் பாதியில் வெளியூர் அணி இரண்டு ரன் எடுத்து 3-2 ஆக்குகிறது. உள்ளூர் அணி மட்டை பிடிக்கும்போது, ஒருவர் அவுட் ஆன நிலையில் மழை கொட்டுகிறது. இது நிறுத்திவைக்கப்பட வேண்டிய ஆட்டம். அதே ஏழாவதின் இரண்டாம் பாதியில் உள்ளூர் அணி இரண்டு ரன் எடுத்து 4-3 ஆக்கிய பிறகு மழை வந்தால், உள்ளூர் அணிக்கு வெற்றி. ஒரே ரன் எடுத்து 3-3 ஆக்கிய பிறகு வந்தால், சமநிலை, எனவே நிறுத்திவைப்பு. இப்போது தொடக்கத்தையே மாற்றுவோம்: வெளியூர் அணி ஐந்தாவதிலிருந்தே 3-2 என்று முன்னிலையில் இருக்கிறது, ஏழாவதின் இரண்டாம் பாதியில் உள்ளூர் அணி மூன்று பேஸ்களிலும் ஆட்களை நிறுத்தியிருக்கும்போது மழை வருகிறது. ஆட்டம் முடிந்தது, வெளியூர் அணி வென்றது. உள்ளூர் ரசிகர்களுக்கு இது வலிக்கும். ஆனால் அந்த முன்னிலைக்குப் பதில் சொல்ல முழுமையான ஓர் இன்னிங்ஸாவது அவர்களுக்குக் கிடைத்துவிட்டது என்பதே விதியின் நியாயம்.

மழையைத் தவிர, மின்விளக்குக் கோளாறு, திறந்து மூடும் கூரையோ தார்ப்பாய் இயந்திரமோ பழுதாவது போன்றவற்றால் நிற்கும் ஆட்டங்களும் நிறுத்திவைக்கப்பட்டே தொடரப்படும். உள்ளூர் அணியின் பொறுப்பிலுள்ள கருவி பழுதாகி, அதனால் உள்ளூர் அணியே வெற்றி பெறுவது முறையாகாது.

ஆறாம் படி: மீண்டும் தொடங்கும்போது

நிறுத்திவைக்கப்பட்ட ஆட்டம் நின்ற அதே புள்ளியிலிருந்து தொடங்குகிறது: அதே ஸ்கோர், அதே அவுட்கள், அதே பேஸ்களில் அதே ஆட்கள், மட்டையாளர் சந்தித்த பந்துகளின் எண்ணிக்கைகூட அதேதான். வழக்கமாக, அதே மைதானத்தில் அவ்விரு அணிகளும் அடுத்து மோதும் ஆட்டத்துக்குச் சற்று முன்பு இது நடத்தப்படும். அங்கே அவ்வணிகளுக்கு வேறு ஆட்டம் மிச்சமில்லை என்றால் எதிரணியின் மைதானத்தில் நடத்தப்படலாம். அப்போதும் முதலில் உள்ளூர் அணியாக இருந்ததே இரண்டாம் பாதியில் மட்டை பிடிக்கும்.

வேறொருவரை இறக்குவதற்காக ஏற்கெனவே வெளியே எடுக்கப்பட்ட ஆட்டக்காரர் திரும்ப வர முடியாது. ஆனால் ஆட்டம் நின்ற நாளில் அணியிலேயே இல்லாத ஒருவர் மாற்றாக வரலாம். இந்த ஒரு வரியிலிருந்து விளைந்த விந்தைகள் இரண்டு.

2018 மே 15 அன்று வாஷிங்டனில் நேஷனல்ஸ், யாங்கீஸ் ஆட்டம் ஐந்தரை இன்னிங்ஸ் முடிவில் 3-3 என்ற சமநிலையில் நின்றது. அப்போது வான் சோட்டோ மேஜர் லீக்குக்கே வந்திருக்கவில்லை. அவருடைய முதல் ஆட்டம் மே 20 அன்றுதான். ஜூன் 18 அன்று அந்த ஆட்டம் தொடர்ந்தபோது மாற்று மட்டையாளராக இறங்கிய அவர் இரண்டு ரன் தரும் ஹோம் ரன் அடித்தார். நேஷனல்ஸ் 5-3 என்று வென்றது. தொடரப்படும் ஆட்டத்தின் நிகழ்வுகள் யாவும் முதல் தேதியிலேயே பதியப்படுவதால், தம் முதல் ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்பே ஹோம் ரன் அடித்தவராக அவர் பதிவேட்டில் நிற்கிறார்.

இரண்டாவது இன்னும் வியப்பானது. 2024 ஜூன் 26 அன்று பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில், இரண்டாவது இன்னிங்ஸில் டொரான்டோ புளூ ஜேஸின் டேனி ஜான்சன் மட்டை பிடித்துக்கொண்டிருக்கும்போதே மழை ஆட்டத்தை நிறுத்தியது. ஜூலையில் அவர் ரெட் சாக்ஸுக்கு மாற்றப்பட்டார். ஆகஸ்ட் 26 அன்று ஆட்டம் தொடர்ந்தபோது அவர் பாஸ்டனின் கேட்சராக (வீசப்படும் பந்தைப் பிடிப்பவராக) மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்தார். அவர் விட்டுச்சென்ற மட்டை வாய்ப்பை நிறைவு செய்ய டொரான்டோ வேறொருவரை அனுப்பியது. மேஜர் லீக் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் ஆடிய முதல் மனிதர் ஜான்சன்தான். டொரான்டோ 4-1 என்று வென்றது. நான்காம் படியில் சொன்ன பழைய விதி இருந்திருந்தால் அந்த இரண்டாவது இன்னிங்ஸ் பதிவேட்டிலேயே இருந்திருக்காது.

ஏழாம் படி: தொடர நாளே கிடைக்காவிட்டால்

அவ்விரு அணிகளுக்கும் இடையிலான கடைசி ஆட்டத்துக்கு முன் நிறைவு செய்ய இயலாமல் போனால், நிறுத்திவைக்கப்பட்ட ஆட்டம் முடித்துவைக்கப்பட்டதாக மாறும். எல்லை தாண்டாதது செல்லாததாகும். சமநிலை, சமநிலையாகவே பதியப்படும். வெளியூர் அணி முடியாத இன்னிங்ஸில் முன்னிலைக்கு வந்திருந்தால், கடைசியாக முழுமையடைந்த இன்னிங்ஸின் ஸ்கோருக்குப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

2023 செப்டம்பர் 28 அன்று நியூயார்க்கில் நடந்தது இதுதான். மெட்ஸ் அணி 1-0 என்று முன்னிலையில் இருக்க, ஒன்பதாவதின் முதல் பாதியில் மயாமி மார்லின்ஸ் இரண்டு ரன் எடுத்து முன்னேறியது. அந்தப் பாதி முடிவதற்குள் மழை. மூன்று மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்து, நள்ளிரவுக்குப் பிறகு ஆட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அதைத் தொடராமலே மார்லின்ஸ், பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றில் தன் இடத்தை உறுதி செய்துகொண்டதால் மீண்டும் ஆட வேண்டிய தேவை எழவில்லை. எட்டு இன்னிங்ஸ் முடிவின் 1-0 என்ற ஸ்கோரே நின்று, வெற்றி மெட்ஸுக்குச் சென்றது.

எட்டாம் படி: பிளேஆஃப் ஆட்டமா என்று பாருங்கள்

பிளேஆஃப் என்றால் மேலே சொன்ன ஐந்து இன்னிங்ஸ் கணக்கை மறந்துவிடலாம். எந்தக் கட்டத்தில் நின்றாலும் ஆட்டம் தொடரப்பட்டு முழுமையாக ஆடி முடிக்கப்பட வேண்டும். இவ்விதி எழுத்தில் வந்தது 2009இல்; அதற்குக் காரணம் அதற்கு முந்தைய அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம்.

2008 அக்டோபர் 27. தொடரில் 3-1 என்று முன்னிலையில் இருந்த ஃபிலீஸ் அணி, டாம்பா பே ரேஸுக்கு எதிரான அந்த ஆட்டத்திலும் 2-1 என்று முன்னிலையில் இருந்தது. ஐந்து இன்னிங்ஸ் முடிந்துவிட்டது. மழையோ விடுவதாக இல்லை. புத்தகத்தில் இருந்தபடி அங்கேயே முடித்துவைத்திருந்தால், தார்ப்பாய்க்கு மேல் நீர் தேங்கிய மைதானத்தில், ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருக்க, ஓர் அணி உலகத் தொடரின் கோப்பையை வென்றிருக்கும். ஆணையர் பட் சீலிக் அப்படி நடக்க விடுவதில்லை என்று முன்பே இரு அணிகளுக்கும் சொல்லியிருந்தார். ஆறாவதின் முதல் பாதியில், இருவர் அவுட் ஆன பிறகு கார்லோஸ் பெனா அடித்த அடியில் பி.ஜே. அப்டன் ஓடி வந்து 2-2 ஆக்கினார். அந்தப் பாதி முடிந்ததும் ஆட்டம் நிறுத்தப்பட்டது. மறுநாளும் மழை. அக்டோபர் 29 அன்று ஆறாவதின் இரண்டாம் பாதியிலிருந்து தொடர்ந்து, மூன்று இன்னிங்ஸ் மட்டும் ஆடி, ஃபிலீஸ் 4-3 என்று வென்று கோப்பையை எடுத்தது. சீலிக்கின் முடிவு சரியானதே. ஆனால் ஒருவருடைய வாக்குறுதியை நம்பி உலகத் தொடர் நடக்கக் கூடாது என்பதால் விதியை எழுதியது அதைவிடச் சரியானது.

ஒன்பதாம் படி: பதிவேட்டைப் படிப்பது

முடித்துவைக்கப்பட்ட ஆட்டத்தின் ரன்களும் ஹோம் ரன்களும் வழக்கம்போல் கணக்கில் சேரும். தொடக்கப் பிட்சர் வெற்றியைத் தன் பெயரில் பெற வழக்கமாக ஐந்து இன்னிங்ஸ் வீச வேண்டும். அவருடைய அணி ஐந்து இன்னிங்ஸ் மட்டுமே களத்தடுப்பில் நின்ற ஆட்டத்தில் நான்கு போதும். எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துப் பத்திரமாகப் பேஸை அடைவது) தராமல் வீசியவர்களுக்குத்தான் இழப்பு. பாஸ்குவல் பெரெஸ் 1988 செப்டம்பர் 24 அன்று ஐந்து இன்னிங்ஸும், அவருடைய தம்பி மெலிடோ பெரெஸ் 1990 ஜூலை 12 அன்று ஆறு இன்னிங்ஸும் ஹிட் தராமல் வீசி, மழையால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. குறைந்தது ஒன்பது இன்னிங்ஸ் வீசினால்தான் அது நோ-ஹிட்டர் என்று 1991இல் வரையறுக்கப்பட்டபோது, சகோதரர்கள் இருவரின் பெயரும் அந்தப் பட்டியலிலிருந்து நீங்கின.

ஜப்பானையும் கொரியாவையும் பார்ப்பவர்களுக்கு

ஜப்பானியத் தொழில்முறை லீக்கில் ஐந்து இன்னிங்ஸ் எல்லை அப்படியே உண்டு. ஆனால் அங்கே சமநிலை ஒரு முறையான முடிவு. எல்லை தாண்டிய பிறகு சமமாக நின்ற ஆட்டம் சமநிலையாகவே பதியப்படும். இறுதித் தொடரிலும் ஆட்டம் பாதியில் முடித்துவைக்கப்பட்டதுண்டு: 2005 அக்டோபர் 22 அன்று சிபாவில் ஜப்பான் தொடரின் முதல் ஆட்டம் ஏழாவது இன்னிங்ஸில் கடும் மூடுபனியால் நின்று, லோட்டே அணி ஹான்ஷினை 10-1 என்று வென்றதாக அறிவிக்கப்பட்டது. உயர்நிலைப் பள்ளி அணிகள் மோதும் கோஷியென் தொடரில், முன்பு ஏழு இன்னிங்ஸ் முடியாத ஆட்டம் செல்லாததாகி, மாணவர்கள் மறுநாள் முதலிலிருந்து ஆட வேண்டியிருந்தது. 2022 முதல் நின்ற இடத்திலிருந்தே தொடர்கிறார்கள்.

தென்கொரியாவில், 2024 அக்டோபர் 21 அன்று குவாங்ஜூவில் நடந்த கொரியத் தொடரின் முதல் ஆட்டத்தில், ஆறாவதின் முதல் பாதியில் சாம்சங் லயன்ஸ் ஒரு ரன் எடுத்து 1-0 என்று முன்னிலைக்கு வந்ததும் மழை வந்தது. முன்னிலைக்கு வந்தது வெளியூர் அணி, இன்னிங்ஸ் முடியவில்லை; ஐந்தாம் படியில் பார்த்த இரண்டாவது விலக்கு அப்படியே பொருந்துகிறது. ஆட்டம் நிறுத்திவைக்கப்பட்டு, 23ஆம் தேதி அதே பாதியிலிருந்து தொடர்ந்தது. உள்ளூர் அணியான கியா டைகர்ஸ் 5-1 என்று வென்றது.